நஷ்டக் கணக்கில் ஒரு சாப்பாட்டு மேஜை

தணிக்கைத் துறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். "சாப்பாடு விற்று லாபம் பார்க்கத் தெரியாதவர்கள் சாப்பாட்டுக் கடை வைக்கக் கூடாது. அது ரயிலாக இருந்தாலும் சரி." தொலைதூர ரயில்களில் டைனிங் கார், அதாவது ஓடும் வண்டியிலேயே சமைத்து மேஜையில் பரிமாறும் பெட்டி, இன்னும் வேண்டுமா என்ற பேச்சின் நடுவே வந்த தீர்ப்பு இது. நான் வேண்டும் என்ற கட்சி. பதில் சொல்ல வாயெடுத்தேன். உருப்படியாக எதுவும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை, மேஜையில் வெள்ளை விரிப்பு என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். "அதெல்லாம் சுற்றுலா விளம்பரத்துக்குச் சரி" என்று சொல்லிவிட்டு அவர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அது செரிக்கவில்லை. இவ்வளவு பிடிவாதமாக ஒரு கட்சியில் நிற்கிறோமே, அதற்கு ஒரு காரணமாவது கைவசம் இருக்க வேண்டாமா என்று பல நாட்கள் மனம் குடைந்துகொண்டே இருந்தது.

அவர் தரப்பு வலுவானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு, அரசு உதவியோடு நாடு முழுக்கப் பயணிகள் ரயில் ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் உணவு விற்பனையை விசாரித்தது. குழுவின் தலைவர் ஜான் மைக்கா ஒரு சீஸ்பர்கரை உதாரணமாக எடுத்துக்கொண்டார். பயணி கொடுப்பது 9.50 டாலர், அதை அவர் தட்டில் கொண்டுவந்து வைக்க ஆகும் செலவு 16.15 டாலர். பத்து ஆண்டுகளில் இப்படிச் சேர்ந்த நஷ்டம் 80 கோடி டாலருக்கும் மேல். மறுநாள் பத்திரிகைகளில் இந்த பர்கர்தான் செய்தி. ஒரு நிறுவனத்தைக் கேலிப்பொருளாக்க இதைவிடத் தோதான எண்கள் கிடைப்பது அரிது.

இதில் பொய் எதுவும் இல்லை. டைனிங் காரின் அமைப்பே நஷ்டத்துக்கு வழி வகுப்பது. எழுபது பேருக்கு டிக்கெட் விற்கக்கூடிய ஒரு பெட்டியின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அதில் ஒரு டிக்கெட்கூட விற்க முடியாது. ஊரில் இருக்கும் உணவகத்தின் சமையல்காரர் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். ரயில் சமையல்காரர் மறுகோடி வரை போக வேண்டும், அங்கே தங்க வேண்டும், திரும்ப வேண்டும். அத்தனைக்கும் சம்பளம் உண்டு. புறப்படும் இடத்தில் ஏற்றிய சரக்குதான் சரக்கு. குறைந்தால் வாங்கக் கடை இல்லை, மிஞ்சினால் குப்பை. வண்டி ஆறு மணி நேரம் தாமதமானால், கணக்கில் இல்லாத இன்னொரு வேளைச் சாப்பாடு போட்டாக வேண்டும். வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையோ வண்டியின் நீளத்தைத் தாண்டப் போவதில்லை. இந்த நிபந்தனைகளோடு யாராவது ஊருக்குள் உணவகம் தொடங்கினால், நானே போய்த் தடுப்பேன்.

பத்து நிமிடத்தின் விலை

அப்படியானால் இதைத் தொடங்கியவர்கள் முட்டாள்களா? 1868-ல் அமெரிக்க ரயில் பெட்டித் தயாரிப்பாளர் ஜார்ஜ் புல்மேன் 'டெல்மோனிகோ' என்ற டைனிங் காரை ஓடவிட்டபோது அவருக்குக் கணக்குத் தெரியாமலா இருந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனதில், இங்கிலாந்தின் ஸ்விண்டன் ரயில் நிலையத்தில் போய் நின்றேன்.

டைனிங் கார் வருவதற்கு முன்பு, பசித்த பயணிகளுக்காக ரயில்தான் நின்றது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஸ்விண்டனில் நிலையம் கட்டியபோது கையில் பணம் போதவில்லை. ஒப்பந்தக்காரர்கள் தங்கள் செலவிலேயே கட்டித் தந்தார்கள். அதற்குப் பிரதியாக அங்கிருந்த சிற்றுண்டி அறைகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அத்தோடு ஒரு நிபந்தனை: அந்த வழியே போகும் பயணிகள் ரயில்கள் ஸ்விண்டனில் பத்து நிமிடம் நின்றே ஆக வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு ரயில் நிறைய மனிதர்கள் இறங்கி, முண்டியடித்து, வாங்கி, விழுங்கி, திரும்ப ஏற வேண்டும். வேறு வழியில்லாத வாடிக்கையாளருக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு ஏது? அந்தப் பாதையை வடிவமைத்த இஸாம்பார்ட் ப்ரூனல் என்ற மாபெரும் பொறியாளருக்கே அங்கே காபி தொண்டைக்குள் இறங்கவில்லை. மட்டமான காபிக்கொட்டை வாங்குகிறீர்கள் என்று நான் சொன்னதாக உங்களிடம் சொல்லப்பட்டது தவறு, இவ்வளவு மோசமான வறுத்த தானியத்தை ஏன் வாங்குகிறீர்கள் என்றுதான் கேட்டேன், உங்களிடம் காபி என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியாது என்ற பொருளில் அவர் கடைக்காரருக்கு எழுதிய கடிதம் இன்றும் பிரசித்தம். பாலங்களைக் காட்டிலும் இந்தக் கடிதத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

விஷயம் காபி அல்ல, அந்தப் பத்து நிமிடம். வேகமாக ஓடும் ரயில்கள் வந்த பிறகு, ஒவ்வொரு வண்டியும் ஸ்விண்டனில் சும்மா நிற்பது பெரும் தலைவலியாகிவிட்டது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கடைசியில் 1895-ல் அந்தக் குத்தகையை விலைக்கு வாங்கி முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். கொடுத்த தொகை ஒரு லட்சம் பவுண்டு, அந்தக் காலப் பணத்தில். சாப்பிடுவதற்காக ரயில் நிற்க வேண்டியதில்லை என்ற ஒரே ஒரு சுதந்திரத்துக்கு ஒரு ரயில்வே கொடுத்த விலை அது. அதற்குள் லண்டனுக்கும் லீட்ஸுக்கும் இடையே 1879-லேயே டைனிங் கார் ஓடத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் பெட்டிக்குப் பெட்டி மூடிய இணைப்பு வழி 1887-ல் வந்துவிட்டதால், ஓடும் ரயிலில் பாதுகாப்பாக நடந்து போய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடிந்தது.

டைனிங் கார் ஈட்டித் தந்த லாபம் நேரத்தில் இருந்தது. அந்த லாபம் கால அட்டவணையின் கணக்கில் போய்ச் சேர்ந்தது, செலவு மட்டும் சமையலறைக் கணக்கில் தங்கிவிட்டது. விளம்பரக் கணக்கும் இப்படித்தான். நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் டைனிங் கார் கண்காணிப்பாளர் ஹேசன் டைட்டஸ் 1909 வாக்கில் ஒரு காரியம் செய்தார். பாதையோர விவசாயிகள் விற்க முடியாத அளவுக்குப் பருத்துப்போன உருளைக்கிழங்குகளைப் பன்றிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அதை வாங்கி, முழுசாகச் சுட்டு, வெண்ணெயோடு தட்டில் வைத்தார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ. 'மாபெரும் சுட்ட உருளைக்கிழங்கின் பாதை' என்றே அந்த ரயில்வே தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. சியாட்டிலில் இருந்த தன் உணவுக் கிடங்கின் கூரைமேல் ராட்சத உருளைக்கிழங்கு ஒன்றின் உருவத்தையும் தூக்கி வைத்தது. ஒரே ஊருக்கு மூன்று கம்பெனிகள் ரயில் ஓட்டிய நாட்களில், பயணி எந்த வண்டியில் ஏறுவார் என்பதை இது தீர்மானித்தது. உருளைக்கிழங்கில் வந்த நஷ்டத்தை டிக்கெட் விற்பனை சரிக்கட்டிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இதையெல்லாம் திரட்டிக்கொண்டு நண்பரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "அன்றைக்கு அது சரி. இன்றைக்குப் போட்டிக்கு இன்னொரு ரயில் இல்லை, விமானம்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்தவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். ஓர் அட்டைப் பெட்டியில் அடைத்து அவரவர் இருக்கையில் கொடுத்துவிட்டால் வயிறு நிறையப் போகிறது. உங்கள் வாதத்தில் மேஜை எங்கே வருகிறது?" என்று கேட்டார். சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நேரமும் விளம்பரமும் டைனிங் கார் ஏன் பிறந்தது என்பதைத்தான் சொல்கின்றன. அது ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

சுரங்கத்தில் எழுந்திருக்கக் கூடாது

எனக்கு முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது பிடிக்காது. இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால், கூடிப் பேசுவதில் சுகம் காணும் ஆள் என்று என்னை நினைத்துவிடுவீர்கள். கலிபோர்னியா ஸெஃபிர் ரயிலில் சிகாகோவிலிருந்து மேற்கே போனபோது, கையில் ஒரு புத்தகத்தோடுதான் டைனிங் காருக்குப் போனேன். தனி மேஜை கிடைக்கும் என்ற நப்பாசை. வாசலில் நின்றவர் "ஒருவரா?" என்று மட்டும் கேட்டு, ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்த மேஜையைக் காட்டினார். நான்கு பேர் மேஜையில் நான்கு பேர். அங்கே அதுதான் சட்டம். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த ரயில்கள் இரட்டை அடுக்கு. சாப்பிடும் இடம் மேலே, சமையலறை கீழே. தட்டுகள் ஒரு சின்ன லிஃப்டில் ஏறி வரும். பதினெட்டு மேஜை, எழுபத்திரண்டு இருக்கை. காபி ஊற்றிக்கொண்டு வந்த பரிசாரகரைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையைப் பார்க்கவே இல்லை. இடுப்பை மேஜை விளிம்பில் முட்டுக்கொடுத்து நின்று, கண்ணை ஜன்னலுக்கு வெளியே முன்னால் வரும் வளைவின் மேல் வைத்திருந்தார். வளைவு நெருங்கியதும் கெண்டியை நிமிர்த்தினார்; வண்டி சாய்ந்து நிமிர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஊற்றினார். ஒரு கோப்பையையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பவில்லை. இவர் சம்பளமும் அந்த 16.15 டாலருக்குள்தான் இருக்கிறது.

டென்வரைத் தாண்டி ஏற்றத்தில் ஏறும் பாதை, மலையைக் குடைந்த மொஃபட் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1928-ல் திறந்தது, பத்துக் கிலோமீட்டர் நீளம். டீசல் புகை உள்ளே வந்துவிடும் என்பதால், சுரங்கம் முடியும்வரை யாரும் பெட்டி விட்டுப் பெட்டி போகக் கூடாது என்று அறிவித்துவிடுவார்கள். நான் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கப் பார்த்த நேரத்தில் அந்த அறிவிப்பு வந்தது. ஜன்னல் கறுப்பாகிவிட்டது. பார்ப்பதற்கு மலையும் இல்லை, கிளம்பிப் போகவும் வழியில்லை. மேஜையில் இருந்த மூவரில் ஒருவர் அதே மலைக்குமேல் சாலையில் லாரி ஓட்டுபவர். பனிக்காலத்தில் எந்தத் திருப்பத்தில் டயருக்குச் சங்கிலி கட்ட வேண்டும், எந்த இறக்கத்தில் பிரேக் சூடேறும் என்று அவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மூதாட்டி, அவர் சொன்னதை நம்பாமல் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அரசியலில் எதிரெதிர்த் துருவம் என்பது முதல் கோப்பைக் காபியிலேயே தெரிந்துவிட்டிருந்தது. வேறு எங்கே சந்தித்திருந்தாலும் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். வெளிச்சம் வந்து, கதவுகள் திறந்த பிறகும் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. பரிசாரகர்தான் அடுத்த ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று எங்களைக் கிளப்பினார்.

இந்த அனுபவத்தை நண்பரிடம் சொல்லவில்லை. சொன்னால் "நன்றாக இருக்கிறது, உங்கள் சுவாரசியத்துக்கு மற்றவர்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று கேட்பார். கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

இருக்கைக்கே கொண்டுவருகிறோம் என்றார்கள்

பதில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் கிடைத்தது. 1942 மே மாதம் எல்மர் ஹெண்டர்சன் என்ற கறுப்பின இளைஞர், அரசு வேலையாக வாஷிங்டனிலிருந்து தெற்கே அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் புறப்பட்டார். போர்க்காலத்தில் வேலை கொடுப்பதில் இனப் பாகுபாடு நடக்கிறதா என்று ஆராயும் அரசுக் குழுவின் ஊழியர் அவர். கையில் முதல் வகுப்பு டிக்கெட். சதர்ன் ரயில்வேயின் டைனிங் காரில் அப்போது கறுப்பினத்தவருக்கு ஒரு கோடியில் இரண்டு மேஜை. உட்கார்ந்ததும் நடுவே திரை இழுத்துவிடுவார்கள். அந்த மேஜைகளிலும் கூட்டம் அதிகமானால் வெள்ளையர்களை உட்காரவைத்துவிடலாம் என்பது ரயில்வேயின் விதி. மாலை ஐந்தரை மணிக்கு முதல் அழைப்பு வந்ததும் ஹெண்டர்சன் போனார். அவருக்கான மேஜைகளில் ஏற்கெனவே வெள்ளையர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் இருக்கையாவது காலியாக இருந்தது. ஆனால் வெள்ளையர் இருக்கும் மேஜையில் அவரை உட்காரவைக்க முடியாது என்றார்கள். இடம் ஆனதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. மேலும் இரண்டு முறை அவரே போய்ப் பார்த்தார். ஒன்பது மணிக்கு டைனிங் காரை வண்டியிலிருந்து கழற்றிவிட்டார்கள். அவர் சாப்பிடவே இல்லை.

இந்த வழக்கைப் பற்றி மேலோட்டமாக எனக்கு முன்பே தெரியும். தீர்ப்பை முழுக்கப் படித்தபோதுதான், நடுவில் ஒரு வரி என்னை நிறுத்தியது. டைனிங் காரின் பொறுப்பாளர் அவருக்கு ஒரு மாற்று ஏற்பாடு சொல்லியிருக்கிறார்: உங்கள் இருக்கைக்கே சாப்பாட்டைக் கொண்டுவந்து தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது. ஹெண்டர்சன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த இடத்தில் என் நண்பரை உட்காரவைத்துப் பார்த்தேன். அவருடைய தர்க்கப்படி ஹெண்டர்சனுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. அதே சமையலறை, அதே சாப்பாடு, நடந்து போகும் சிரமமும் மிச்சம். வயிறு நிறைந்திருக்கும். அப்படியிருந்தும் ஒரு மனிதர் பசியோடு இரவைக் கழிக்கத் தயாரானார். எட்டு ஆண்டுகள், ரயில்வேக்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார். 1950 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. அவர் கேட்டது சாப்பாட்டை அல்ல, அந்தக் காலி இருக்கையை. அதை மறுத்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் ஒரு திரைத்துணிக்கு அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். டைனிங் கார் வெறும் சாப்பாட்டுக் கடை என்றால் இந்த வழக்குக்கே அர்த்தம் இல்லை.

டைனிங் காரின் பழைய பெருமையைப் பாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை. வெள்ளி முட்கரண்டி, புதுப் பூ, கஞ்சி போட்ட மேஜை விரிப்பு என்று உருகுவார்கள். அந்த முட்கரண்டியைப் பளபளப்பாக்கிய பரிசாரகர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பரிமாறிய அதே மேஜையில் அவர்கள் குடும்பத்தார் உட்கார முடியாது. எனக்கு அந்தக் காலத்தின் மேல் ஏக்கம் எதுவும் இல்லை. மேஜை என்ற ஏற்பாடு நல்லதா கெட்டதா என்பதை, அதில் யாரை உட்காரவிட்டார்கள் என்பதுதான் தீர்மானித்திருக்கிறது.

சட்டம் சொன்னது, அட்டைப் பெட்டி வந்தது

பர்கர் விசாரணைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில் வந்த ஒரு சட்டம், உணவுச் சேவையின் நஷ்டத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் ஒழிக்க வேண்டும் என்று ஆம்ட்ராக்குக்குக் கெடு வைத்தது. 2018 ஜூனில் கிழக்குப் பகுதியின் இரண்டு ரயில்களில் சமையல் நின்றது. பெட்டிச் சாப்பாடு வந்தது. 2019 அக்டோபரில் அது கிழக்கே இன்னும் பல இரவு ரயில்களுக்குப் பரவியது. இளைய தலைமுறைக்கு முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் விருப்பமில்லை, தனிமைதான் வேண்டும் என்றும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. பெருந்தொற்று வந்ததும் மேற்குப் பகுதி ரயில்களிலும் பெட்டிச் சாப்பாடுதான். 2021 ஜூனில் அங்கே மட்டும் சமையலறை அடுப்புகள் திரும்ப எரியத் தொடங்கின. அதே ஆண்டு நவம்பரில் வந்த புதிய உள்கட்டமைப்புச் சட்டம், நஷ்ட ஒழிப்புக் கெடுவையே நீக்கிவிட்டது. ஜப்பானில் கதை வேறு மாதிரி. அங்கே புல்லட் ரயில்களின் டைனிங் கார்கள் 2000-த்தில் விடைபெற்றதற்கு வேகம் ஒரு முக்கியக் காரணம். இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் ஊருக்கு மேஜை போட்டு உட்காரத் தேவையில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நான் பேசுவது இரவைக் கடந்து போகும் ரயில்களைப் பற்றி.

ஓர் இரவு ரயிலில் அந்தப் பெட்டிச் சாப்பாட்டை நானும் சாப்பிட்டிருக்கிறேன். எந்த ரயில் என்பது முக்கியமில்லை. அறைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். மைக்ரோவேவில் சூடாக்கியது, ஓரம் கொதித்து நடுவில் ஆறிப்போனது. அதைக்கூட மன்னிக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டு, குப்பையை வாசலில் வைத்துவிட்டுப் படுத்தால், மறுநாள் காலை இறங்கும்வரை அந்த வண்டியில் என்னைத் தவிர வேறு மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. ஹெண்டர்சனுக்கு நடந்ததையும் இதையும் ஒரே தராசில் வைப்பது அபத்தம். அவரிடமிருந்து பறிக்கப்பட்டது உரிமை, எனக்கு இல்லாமல் போனது ஒரு வசதி. ஆனால் இரண்டு இடத்திலும் கேட்டது ஒரே குரல்தான்: சாப்பாடு உங்கள் இருக்கைக்கே வந்துவிடும், அப்புறம் என்ன குறை?

நண்பரிடம் இந்த முறை பர்கரைத் தொடவே இல்லை. டிக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். படுக்கை வசதிப் பயணியின் கட்டணத்திலேயே சாப்பாடு அடக்கம். அந்தக் கட்டணத்தில் எவ்வளவை உணவுக் கணக்குக்கு மாற்றுவது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் முடிவு செய்கிறார். அந்த எண்ணை உயர்த்தினால் டைனிங் காரின் நஷ்டம் குறையும், தாழ்த்தினால் கூடும். சமையலறையில் ஒரு முட்டைகூட இடம் மாறியிருக்காது. அப்படியிருக்கும்போது நஷ்டம் என்று நாம் கூச்சல் போடுவது எதைப் பார்த்து? இதை அவர் ஒப்புக்கொண்டார், அது அவருடைய தொழில் என்பதால். ஆனால் உடனே அடுத்த கேள்வியைப் போட்டார்: "அப்படியென்றால் மேஜையில் உட்காருவது அதிகக் கட்டணம் கொடுத்தவர்கள் மட்டும்தானே? உங்கள் ஹெண்டர்சன் இதற்கு என்ன சொல்வார்?"

இதுதான் இப்போது எனக்கும் உறுத்துவது. 2021-ல் திரும்ப வந்த டைனிங் கார், முதலில் படுக்கை வசதிப் பயணிகளுக்கு மட்டும் என்றே வந்தது. பிறகு சில ரயில்களில், இடம் இருந்தால் பணம் கொடுத்து வரலாம் என்று சாதாரண இருக்கைப் பயணிகளுக்கும் கதவு திறந்தது. எல்லா ரயிலிலும், எல்லா வேளையும் திறக்க வேண்டும் என்றேன். கணக்கும் அதற்கு எதிராக இல்லை. சமையல்காரருக்குச் சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, பெட்டியை ஏற்கெனவே இழுத்துக்கொண்டு போகிறார்கள், அடுப்பு எரிகிறது. காலியாகக் கிடக்கும் ஐம்பத்தைந்தாவது இருக்கையில் ஒருவரை உட்காரவைத்தால் கூடுதல் செலவு மளிகைச் சாமான் விலை மட்டுமே. அதற்கு மேல் அவர் கொடுப்பதெல்லாம் நஷ்டத்தைக் குறைக்கும். நண்பர் இதை மறுக்கவில்லை. ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: இருக்கைப் பயணிகளுக்கு விலையைப் பாதியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வர மாட்டார்கள். பாதி விலையில் மளிகைச் செலவு தேறுமா என்று கேட்டேன். தேறும் என்றார்.